"உது"வை எங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் சுட்டெழுத்துப் பாடம் வரும் இடத்தில் அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள் என்று சொல்லுவார்கள். உடனேயே, உ இப்போது வழக்கில் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த விதிக்குப் போய்விடுவார்கள். அதை வாசிக்கிற யாழ்ப்பாணத்துப் பெடியனுக்குச் சிரிப்புத்தான் வரும். அப்ப உங்கை நிக்கிற உவன் ஆர்? "உந்தக் கதிரையை இஞ்சால இழு" எண்டு காலமை அம்மா சொன்னது எந்த மொழியில?

தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்று சொல்லுகிறது. பிறகு வந்த காலத்தில் தமிழகத்துப் பேச்சிலிருந்து உ போய்விட்டது. பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கம் அது போகவில்லை. பழந்தமிழையும் யாழ்ப்பாணத் தமிழையும் ஒப்பிட்டு 1962 இல் கைப்பர் என்ற நெதர்லாந்து அறிஞர் ஒரு சிறு குறிப்பே எழுதியிருக்கிறார். எங்கட ஆக்கள் இதை வைத்துப் பெருமை அடிக்கிறது வழமை. பெருமை இருக்கட்டும். எங்களுக்கு இதில் வேறொரு விசயம்தான் பெரிதாகப் படுகிறது.

"உது" லேசான சொல் இல்லை. என் கையில இருக்கிற கோப்பை எனக்கு "இது". உம்மட கையில இருந்தால் "உது". கோப்பை கை மாறினால் சொல்லும் மாறும். இரண்டு பேரும் ஒரே கோப்பையைப் பற்றி ஒரே நேரத்தில கதைக்கும்போது ஒராள் "இது" என்பார், மற்றவர் "உது" என்பார், இரண்டும் சரி. இதோட முடியவில்லை. நீர் இப்ப சொன்ன கதையும் "உது"தான், "உதெல்லாம் சும்மா கதை" எண்டு சொல்லுற மாதிரி. கண்ணுக்குத் தெரியாத ஆளையும் வெறுப்போட "உவை" எண்டலாம். தூரம், கேட்கிறவரின் இடம், சொல்லுறவரின் மனநிலை மூன்றையும் ஒரே எழுத்துக்குள் மடித்து வைத்திருக்கிற சங்கதி இது. வெளிநாட்டில இருந்து வந்து வயது போனபிறகு தமிழ் படிக்கிற ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்திப் பாருங்கள், ஒரு பின்னேரம் போய்விடும்.

ஆனால் நேசறிக்குப் போக முன்னமே எங்கட பிள்ளைகள் இதைச் சரியாகச் சொல்லுகிறார்கள். ஒரு அம்மாவும் பிள்ளையை மடியில வைத்து "மகன், முன்னிலையாருக்கு அண்மையில் உள்ள பொருள் உது" எண்டு படிப்பிச்சதில்லை. பள்ளிக்கூடத்திலும் இல்லை, அங்கை கட்டுரையில "உது" எழுதினால் சிவப்புக் கோடுதான் விழும். அப்பிடியெண்டால் இது எங்கையிருந்து வந்தது? பிறக்கும்போதே மண்டைக்குள்ள இருந்ததா, கேட்டுக் கேட்டு வந்ததா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் மொழியியல் படிக்கிறவர்கள் மட்டும் எண்டு நினைக்க வேண்டாம். எங்கட ஊரில எல்லாரிடமும் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. மேடையில ஏறுகிறவர் "தமிழ் எங்கள் இரத்தத்தில் ஊறியது" என்பார். பிள்ளையை இங்கிலிஸ் மீடியத்துக்கு அனுப்புகிற அம்மா "தமிழ் எப்பிடியும் தன்ர பாட்டில வரும்" என்பார். கனடாவில இருந்து கோயில் திருவிழாவுக்கு வருகிற மாமா "என்ன செய்யிறது, பிள்ளையளுக்குத் தமிழ் வருகுதில்லை" என்பார். மூன்று பேரும் மொழி எங்கையிருந்து வருகுது எண்டதைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். மூன்று பேர் சொல்லுறதும் ஒரே நேரத்தில உண்மையாக இருக்க ஏலாது.

இந்தச் சண்டை மிகப் பழையது. எகிப்தில் கிறிஸ்துவுக்கு முன் ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட சமெற்றிக்கஸ் என்ற அரசன், உலகத்தின் முதல் மொழி எது எண்டு அறிய இரண்டு கைக்குழந்தைகளை ஒரு இடையனிடம் ஒப்படைத்து, அவர்களுக்கு முன்னால் ஒருத்தரும் ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது என்று கட்டளை போட்டதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். குழந்தைகள் கடைசியில் "பெக்கோஸ்" என்றார்களாம். பிரிஜிய மொழியில் அது பாண். ஆகவே பிரிஜியர்தான் எகிப்தியருக்கும் மூத்தவர் என்று அரசன் முடிவு கட்டினானாம். அந்தக் குழந்தைகளுக்குப் பால் குடுக்க அங்கை ஆடுகள் நிண்டன. ஆட்டுச் சத்தத்தைக் கேட்டுத்தான் பிள்ளைகள் அப்பிடிச் சொல்லியிருக்கும் எண்ட பகிடியும் அந்தக் கதையளவுக்குப் பழையது.

எங்கட தமிழ்ப் பற்றாளர்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் பிள்ளை "அம்மா" எண்டு சொன்னதாகச் சாதித்திருப்பார்கள். குழந்தை முதலில் "மா" என்பதே தமிழ் முதல் மொழி என்பதற்குச் சான்று எண்டு வொட்ஸ்அப்பில் இன்றைக்கும் சுற்றுகிறது. உதடு இரண்டையும் ஒட்டித் திறந்தால் வருகிற ஒலி எல்லா நாட்டுக் குழந்தைக்கும் லேசு, அவ்வளவுதான். ஜோர்ஜியாவில் "மாமா" எண்டால் தகப்பன். அவர்கள் எங்கை போய்ச் சான்று தேடுவது?

எகிப்துக் கதை நடந்ததோ இல்லையோ தெரியாது. ஆனால் எங்கட துணைக்கண்டத்தில் உண்மையிலேயே ஒரு அரசர் இதைச் செய்தார். பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகத்தில் மகா அக்பர் எண்டு படிச்ச அதே அக்பர்தான். சமயங்களை ஒன்றாக இருத்தி வாதிட வைத்தவர், எதையும் சோதித்துப் பார்க்க விரும்பியவர். கேட்பதால்தான் பேச்சு வருகிறது, கேட்காதவன் பேசமாட்டான் என்பது அவருடைய எண்ணம். அதை நிரூபிக்க, மனிதக் குரல் எட்டாத இடத்தில் ஒரு கட்டடம் கட்டினார். பச்சைக் குழந்தைகளை அங்கே வைத்தார். பால் குடுக்கப் பெண்கள், சுற்றிக் காவல். ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. அக்பரின் அரசவை வரலாற்றாசிரியர் அபுல் பஸ்ல் இதைப் புகழ்ச்சியோடு எழுதுகிறார். 1582 இல் அக்பர் அங்கே போய்ப் பார்த்தபோது பேச்சு எதுவும் இல்லை, ஊமைகளின் சத்தம் மட்டும்தான் வந்தது என்று பதிவு செய்கிறார். அரசர் சொன்னது சரி எண்டு ஆகிவிட்டது.

அதே அரசவையில் இருந்து, அக்பரைப் பிடிக்காமல், இரகசியமாக வரலாறு எழுதிய பதாவூனி இன்னும் இரண்டு விசயம் சொல்லுகிறார். ஏறத்தாழ இருபது குழந்தைகள், தாய்மாருக்குக் காசு குடுத்து வாங்கப்பட்டவர்கள். மூன்று நான்கு வருடத்தில் எல்லாரும் ஊமைகளாக இருந்தார்கள், சிலர் செத்துப்போனார்கள். அந்த வீட்டுக்குச் சனம் வைத்த பெயர் "கூங் மஹல்", ஊமை மாளிகை.

காசுக்குப் பிள்ளையை வித்த அந்தத் தாய்மார் எந்த ஊர், என்ன சாதி, எவ்வளவு காசு எண்டு ஒருத்தரும் எழுதவில்லை. சோதனையின் முடிவை மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

எங்களைக் கனநாள் யோசிக்க வைத்தது இதற்குப் பிறகு வருகிற ஒரு பதிவு. நூறு வருசத்துக்கு மேல் கழித்து, 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மொகலாய வரலாறு எழுதிய கத்ரூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இதே கதையைச் சொல்லும்போது, அந்தப் பிள்ளைகள் ஊமைச் செவிலித்தாய்மாரைப் பார்த்துக் கைச்சைகையால் தங்கட எண்ணங்களைச் சொன்னார்கள் என்கிறார். காலம் தள்ளி எழுதினவர், ஆகவே அப்பிடியே நம்ப ஏலாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இருபது பிள்ளைகள், ஒரே வீடு, நாலு வருசம். அக்பர் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு போனார். கண்ணால பார்க்க வேணும் எண்டு அவருக்குத் தோன்றியிருக்காது. பேச்சும் மொழியும் ஒன்றுதான் எண்ட நம்பிக்கையோடு போனவருக்கு அங்கை கைகள் என்ன செய்துகொண்டிருந்தன எண்டது கண்ணில படாது.

இந்தச் சந்தேகத்தோடு இருபதாம் நூற்றாண்டுக்கு வரலாம். 1957 இல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், மொழியும் மற்ற எல்லாப் பழக்கங்களையும் போலப் பாராட்டாலும் திருத்தலாலும் படிகிற ஒரு நடத்தைதான் எண்டு புத்தகம் எழுதினார். 1959 இல் நோம் சொம்ஸ்கி அதற்கு ஒரு விமர்சனம் எழுதினார். ஒரு புத்தக விமர்சனம் ஒரு துறையையே புரட்டிப்போட்ட சம்பவம் அது (நாங்கள் இந்தத் தளத்தில் விமர்சனம் எழுதும்போது அவ்வளவு எதிர்பார்க்கிறதில்லை). பிள்ளைக்குக் கிடைக்கிற பேச்சு குறையும் பிழையுமானது, ஆனால் பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்கிற இலக்கணமோ நிறைவானது. ஆகவே இலக்கணத்தைக் கட்டுவதற்கான ஏதோ ஒன்று பிறப்பிலேயே இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

இங்கிலிஸ் உதாரணம் தேவையில்லை. மூன்றரை வயதுப் பிள்ளை ஒன்று "ரப்புக்கை டைனோசர் ஆக்கள் சண்டை பிடிக்கினம்" எண்டு சொல்லுறதாக வைத்துக்கொள்வோம். ரப் என்ற சாமானைப் பூட்டன் பூட்டி கண்டதில்லை. டைனோசரை ஒருத்தரும் கண்டதில்லை. ஆனாலும் "உள்ளுக்கு" எண்டதுக்கு எங்கட "உக்கை" சரியான இடத்தில ஒட்டியிருக்கிறது. மனிதருக்கு மட்டும் சொல்லுகிற "இனம்" என்ற விகுதியை, "ஆக்கள்" எண்டு சொன்ன காரணத்தால் பிள்ளை டைனோசருக்கும் குடுத்திருக்கிறது. இந்த வசனத்தைப் பிள்ளை எங்கையும் கேட்டிருக்காது. கேட்டதைத் திருப்பிச் சொல்லுகிற கிளி இப்பிடிச் சொல்லாது.

அதுக்காகச் சொம்ஸ்கி சொன்னதெல்லாம் வேதம் எண்டு எடுக்க ஏலாது. பிறப்பிலேயே இருக்கிறது எது எண்டதைப் பற்றி அவரே பல தடவை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார். 1996 இல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில், எட்டு மாதக் குழந்தைகள் அர்த்தமில்லாத அசைகளின் தொடரை இரண்டே நிமிசம் கேட்டு, எந்த அசைக்குப் பின்னால் எது அடிக்கடி வருகிறது எண்டு பிடித்துச் சொல்லின் எல்லையைக் கண்டுகொண்டன. கேட்டுக் கணக்குப் பார்க்கிற திறன் நாங்கள் நினைச்சதைவிடப் பெரிது. மைக்கல் ரொமசெல்லோ போன்றவர்கள், பிள்ளைக்குப் பிறப்பில் உள்ளது இலக்கணம் இல்லை, மற்ற ஆள் எதைப் பார்க்கிறார், என்ன நினைக்கிறார் எண்டு கண்டுபிடிக்கிற திறன்தான் எண்கிறார்கள். "உது"வை வைத்துப் பார்த்தால் எங்களுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. கேட்கிறவர் எங்கை நிக்கிறார் எண்டு யோசிக்கத் தெரியாத பிள்ளைக்கு "உது" வராது.

ஆக, ஏதோ ஒன்று உள்ளுக்கு இருக்கிறது. அது என்ன எண்டதில்தான் சண்டை. அந்தச் சண்டையை நாங்கள் தீர்க்கப் போறதில்லை. அந்த உள்ளிருப்புக்கு வெளியில இருந்து ஒன்றும் கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் எண்டது வேறு கேள்வி. அதற்கு அக்பரிடம் போகத் தேவையில்லை, கைதடிக்குப் போனால் காணும்.

கண்டி வீதியில் நாவற்குழி தாண்டிப் போகிறவர்களுக்குக் கைதடி எண்டால் இப்ப மாகாண சபைக் கட்டடம் ஞாபகம் வரும். அதே கைதடியில்தான் காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்கான நவீல்ட் பாடசாலை இருக்கிறது. மொறிஸ் கார்க் கம்பனியை உருவாக்கிய நஃபீல்ட் பிரபுவின் பெயர்தான் எங்கட வாயில நவீல்ட் ஆகியிருக்கிறது. யாழ்ப்பாணத்து வீட்டு முற்றங்களில் மொறிஸ் மைனரைத் துடைத்துத் துடைத்துக் காப்பாற்றிய தலைமுறைக்கு அந்தப் பெயர் புதுசில்லை. அதற்கு முன்னம் வடக்கில் இருந்து இப்பிடி ஒரு பிள்ளையைப் படிப்பிக்க விரும்பினால் தெற்கே இரத்மலானைக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே 1912 இல் மேரி சப்மன் என்ற மிசனரிப் பெண் தொடங்கிய பாடசாலை இருந்தது.

நவீல்ட் பாடசாலை கைதடியில் உருவானது ஐம்பதுகளின் நடுப்பகுதி. அந்தக் காலத்தை வேறொரு காரணத்துக்காக நாங்கள் எல்லாரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். 1956, தனிச் சிங்களச் சட்டம். காலிமுகத்திடல் சத்தியாக்கிரகம், அடி, இரத்தம். எங்கட நவீன அரசியல் வரலாறு மொழியில் இருந்துதான் தொடங்குகிறது எண்டு படிச்சிருக்கிறோம். எந்த மொழி அரச மொழி எண்டு நாடு சண்டை பிடிச்ச அதே வருசங்களில், எந்த மொழியுமே கிடைக்காமல் வீட்டு மூலைகளில் இருந்த பிள்ளைகள் ஒரு விடுதியில் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து எழுதின வரலாற்றுப் புத்தகம் எதையும் நாங்கள் எங்கட பாடத்திட்டத்தில் காணவில்லை.

காது கேளாதோர் கல்வியில் அந்தக் காலத்தில் உலகம் முழுக்க ஓங்கியிருந்தது வாய்ப்பேச்சு முறை. 1880 இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, கைச்சைகையை வகுப்பிலிருந்து அகற்றி உதட்டை வாசிக்கவும் குரலை எழுப்பவும் பழக்க வேண்டும் எண்டு தீர்மானம் போட்டது. அதன் நிழல் எண்பது, தொண்ணூறு வருசம் நீண்டது. பல நாடுகளில் கையைக் கட்டி வைத்த ஆசிரியர்களும் இருந்திருக்கிறார்கள். ஆனாலும் பிள்ளைகள் விடுதியில், விளையாட்டுத் திடலில், விளக்கு அணைய முன்னம் கையால கதைத்துக்கொண்டேதான் இருந்தார்கள். அமெரிக்கச் சைகைமொழி ஒரு முழு மொழி, அதற்கும் ஒலியனுக்குச் சமமான கூறுகள் உண்டு எண்டு வில்லியம் ஸ்டோக்கோ காட்டியது 1960 இல்தான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் அக்பருக்கான பதில் எண்டு நாங்கள் நினைக்கிறோம். நிக்கரகுவாவில் 1977 இல் தலைநகர் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளைச் சேர்த்து ஒரு நிலையம் தொடங்கினார்கள். புரட்சிக்குப் பிறகு 1980 இல் ஒரு தொழிற்பயிற்சிப் பாடசாலையும் வந்தது. அதுவரை அந்த நாட்டில் காது கேளாதோருக்கென்று ஒரு சமூகமே இருக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் தனித் தீவு. ஆசிரியர்கள் ஸ்பானிய மொழியைப் படிப்பிக்க முயற்சித்தார்கள், பெரிதாகச் சரிவரவில்லை. ஆனால் பஸ்ஸிலும் முற்றத்திலும் சில நூறு பிள்ளைகள் தங்கட வீட்டுச் சைகைகளைக் கலந்து ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். 1986 இல் அரசு அழைத்து வந்த மொழியியலாளர் ஜூடி கேகல் பார்த்தது அதைத்தான். இதில் அதிசயம் என்னவென்றால், மூத்த பிள்ளைகளின் சைகை கரடுமுரடாக இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்த சின்னஞ்சிறுசுகளின் சைகையில்தான் ஒழுங்கான இலக்கணம் இருந்தது. படிப்பிச்சவரைவிடப் படிச்சவர் கூடத் தெரிந்தவர் ஆகிவிட்டார். வெளியில இருந்து வராத ஒன்று சின்னப் பிள்ளைகளின் தலைக்குள்ள இருந்து வந்து சேர்ந்திருக்கிறது எண்டதுக்கு இதைவிட நல்ல சாட்சி எங்களுக்குத் தெரியாது.

இலங்கையிலும் காது கேளாதோர் பாடசாலைகளைச் சுற்றி வளர்ந்த சைகைகள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. உலக மொழிகளின் பட்டியல்களில் யாழ்ப்பாணச் சைகைமொழி எண்டு தனியாக ஒரு பெயரே உண்டு. பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் தமிழைத் தவிர இன்னொரு மொழியும் பிறந்திருக்கிறது எண்டது எங்களுக்கே பெரிய செய்தியாக இருந்தது. அது தமிழைக் கையால எழுதுறதில்லை. எந்தச் சைகைமொழியும் அப்பிடி இல்லை. முகம், கண், புருவம், கை நகர்கிற திசை எல்லாவற்றிலும் அதற்குரிய இலக்கணம் இருக்கும். எங்கட "உது" தூரத்தையும் ஆளையும் ஒரு எழுத்தில் காட்டுகிறதெண்டால், சைகைமொழியில் அந்த வேலையை விரல் நேரடியாகச் செய்கிறது.

ஆனால் இதில் ஒரு நேரக்கணக்கு இருக்கிறது. 1967 இல் எரிக் லென்னபெர்க், மொழிக்கென்று பிள்ளைப்பருவத்தில் ஒரு காலம் உண்டு, அது கழிந்தால் முதல் மொழி முழுதாக வராது எண்டு எழுதினார். அந்தக் காலம் சரியாக எப்ப முடிகிறது எண்டதில் வாதம் இருக்கிறது. ஆனால் காது கேளாதவர்களிடையே செய்த ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றன: முதல் மொழியையே பிந்திச் சந்தித்தவர்கள், இருபது முப்பது வருசம் சைகைமொழி பேசின பிறகும் சின்னனில் தொடங்கினவர்களின் அளவுக்கு வருவதில்லை. கேட்கும் பிள்ளைக்கு இந்த ஆபத்து இல்லை. வயிற்றுக்குள்ள இருக்கும்போதே அம்மாவின் குரல் அதற்குக் கேட்கிறது.

எங்கட ஊர்களில் காது கேளாத பிள்ளை பிறந்தால் என்ன நடக்கிறது? "கொஞ்சம் பிந்திப் பேசும், தகப்பனும் அப்பிடித்தான்" எண்டு ஒரு இரண்டு வருசம் போகும். நேர்த்தி, நூல், ஒரு டொக்டர், இன்னொரு டொக்டர். பிறகு "பாவம், ஊமை" எண்டு ஒரு முடிவு. வீட்டுக்காரருக்கும் பிள்ளைக்கும் இடையில் சாப்பாடு, நித்திரை, அடி, வா, போ எண்ட அளவில் பத்திருபது சைகை. அதற்குள்ளும் பிள்ளை ஒழுங்கைக் கொண்டுவருகிறது. சூசன் கோல்டின் மெடோ என்ற ஆய்வாளர் பல வருசமாகக் காட்டியது இதைத்தான்: தாயின் சைகையில் இல்லாத ஒழுங்கு பிள்ளையின் வீட்டுச் சைகையில் இருக்கிறது. ஆனால் தனியாக ஒரு பிள்ளையால் ஒரு முழு மொழியைக் கட்ட ஏலாது. நிக்கரகுவாவில் நடந்தது கன பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்ததால். ஊமை கண்ட கனவு எண்டு பழமொழி சொல்லுறோம். கனவு கண்டவருக்கு அதைச் சொல்ல ஏலாது எண்டுதான் அதை விளங்கிக்கொள்கிறோம். கேட்கிற எங்களுக்கு அவருடைய மொழி தெரியாது எண்டும் அதை விளங்கலாம்.

இனி அந்த "இரத்தத்தில் ஊறிய தமிழ்". பிறப்பிலே இருப்பது மொழி எடுக்கிற திறன். எந்த மொழி எண்டது பிள்ளை ஆருக்கு நடுவில விழுகுது எண்டதில் இருக்கிறது. இதற்கு எங்கட வரலாறே போதும்.

1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் வன்னியில் வந்து குடியேறின. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கிளிநொச்சிப் பள்ளிக்கூடங்களில் எங்களைப் போலத்தான் "உது", "உவன்", "வருகினம்" எண்டு கதைக்கிறார்கள். பாட்டியின் மலையகத் தமிழில் இந்த "உது" இல்லை. ஒரு தலைமுறையில் நாக்கு கடந்துவிட்டது. காணி உறுதி, கலியாணம், "தோட்டக்காட்டான்" எண்ட வசவு, இவை கடக்கவில்லை. 1990 ஒக்டோபரில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களின் கதை இதன் மறுபக்கம். யாழ்ப்பாணத் தமிழ் பேசிய பெற்றோரின் பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்து, அங்கத்தைய பேச்சைக் கேட்டு வளர்ந்தார்கள். திரும்பி வந்து ஐந்து சந்திப் பக்கம் கடை போட்ட இளம் ஆக்களின் கதை எங்களுக்கு வேறு மாதிரி ஒலித்தால், அதற்குக் காரணம் அவர்களின் இரத்தம் இல்லை, நாங்கள் செய்த வேலை.

புலம்பெயர்ந்த பிள்ளைகளைப் பற்றி நிறையப் பேர் அழுது எழுதியாகிவிட்டது. 1994 வரை யாழ். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்த சுரேஷ் கனகராஜா பிறகு ரொறன்ரோ, லண்டன், கலிபோர்னியா ஆகிய இடங்களில் எங்கட குடும்பங்களுக்குள் தமிழ் எப்பிடிக் கைமாறுகிறது அல்லது கைமாறாமல் போகிறது எண்டு ஆய்வு செய்து 2008 இல் ஒரு கட்டுரை எழுதினார். வீடுதான் மொழியின் கோட்டை, தாய்தகப்பன் ஒழுங்காக இருந்தால் காணும் எண்ட பொதுக் கருத்தை அவர் கேள்விக்குள்ளாக்குகிறார். காலனித்துவம், வகுப்பு, சாதி, பெண் ஆண், குடியேறின நாட்டில் வேலைக்கு என்ன மொழி வேணும் எண்டது எல்லாம் சாப்பாட்டு மேசைக்கு வந்து இருக்கிறது. ஆகவே கனடா மாமாவின் மகளைப் பார்த்து "தமிழிச்சியாப் பிறந்தும் தமிழ் தெரியேல்லை" எண்டு சொல்லுறதில் அர்த்தமில்லை. அந்தப் பிள்ளை தனக்குக் கிடைத்த சத்தத்தில் இருந்து ஒரு குறையுமில்லாத மொழியை எடுத்திருக்கிறது. அது இங்கிலிஸ், அவ்வளவுதான்.

"தன்ர பாட்டில வரும்" எண்ட இங்கிலிஸ் மீடிய அம்மா ஓரளவுக்குச் சரி: ஊரில இருக்கும்வரை பேச்சுத் தமிழ் வரும். எழுத்துத் தமிழ் தன்ர பாட்டில வராது. எழுத்து ஒருத்தருடைய பிறப்பிலும் இல்லை.

கடைசியாக ஒன்று. பிள்ளை எடுத்துக்கொள்கிற எல்லாம் "உது" போல வடிவானதில்லை. எங்கட தமிழில் முன்னிலைக்கு நீ, நீர், நீங்கள் எண்டு மூன்று படி. நடுவில இருக்கிற "நீர்" எங்கட தனிச்சொத்து எண்டு இதற்கும் பெருமைப்படுகிறோம். ஆருக்கு எந்தப் படி எண்டதையும் பிள்ளைகள் அதே வயதில், அதே மாதிரி, ஒருத்தரும் விளக்கம் சொல்லாமலே பிடித்துக்கொள்கிறார்கள். யாழ். பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியராக இருந்த சுசீந்திரராஜா 1978 இல் யாழ்ப்பாணச் சமூகத்தில் சாதியும் மொழியும் எண்டு ஒரு கட்டுரை எழுதினார். யாழ்ப்பாணத்தில் சாதி ஒலிப்பில் பெரிதாகத் தெரியாது. ஆரை எப்பிடிக் கூப்பிடுறது எண்டதில்தான் தெரியும். அறுபது வயது கடந்த, தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில வைத்துக்கொண்டு முற்றத்தில நிக்கிற ஒருவரை வீட்டுத் திண்ணையில இருந்து ஐந்து வயதுப் பெடியன் "நீ" எண்டு கூப்பிட்ட காலம் எங்கட அப்பப்பாமாரின் காலம். அந்தப் பெடியன் தன்ர அப்பப்பாவுக்குத் தவறியும் "நீ" சொல்லமாட்டான். அந்த வித்தியாசத்தை எந்தச் சொம்ஸ்கியும் மூளைக்குள்ள தேடத் தேவையில்லை.

1966 இல் சங்கானையிலும் 1968 இல் மாவிட்டபுரத்திலும் தேநீர்க்கடைக்கும் கோயிலுக்கும் நடந்த போராட்டங்களுக்குப் பிறகு பொது இடத்தில் அந்த "நீ" மெல்ல மெல்லக் குறைந்தது. இப்ப சந்தையில், பஸ்ஸில் அது கேட்காது. ஆனால் ஆள் போன பிறகு, வளவுக்குள்ள, அவரைப் பற்றிக் கதைக்கும்போது "அவர்" எண்டு வருகுதா "உவன்" எண்டு வருகுதா எண்டு காது குடுத்துப் பாருங்கள். பக்கத்தில விளையாடிக்கொண்டு ஒரு மூன்று வயதுப் பிள்ளையும் அங்கை இருக்கும்.